டேபிளில் ஏறாத வலி

கடலடிக் குழாய்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில், கப்பலின் மேல்தளத்தில் நின்று, கடலுக்குள் முங்குகிறவர்களுக்கு நேரம் பார்ப்பது என் வேலை. ஆழத்தில் இருந்தவன் சட்டென்று மேலே வந்தால், உடம்பில் கரைந்த காற்று குமிழியாகி மூட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். வழியில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதற்கான அட்டவணையை நாங்கள் டேபிள் என்போம்.

அதைத் திருத்தும் பொறுப்பு கம்பெனி டாக்டரம்மாவிடம் வந்தது. வலி உண்டா என்று முங்குகிறவர்களைக் கேட்டார். வலி என்றால் வேலை போய்விடும். எல்லாரும் இல்லை என்றே தலையாட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பொன்னேரியில் பஸ் பிடித்து எங்கள் ஊரான பழவேற்காட்டுக்கே வந்துவிட்டார். டச்சுக்காரர் கல்லறைப் பக்கம் இறங்கியவரை என் கூட்டாளி வீட்டுக்கு அழைத்துப் போனேன். எங்கள் குழுவில் அதிக ஆழம் போகிறவன் அவன்தான்.

"எனக்கு இன்னா டாக்டரம்மா, கல்லு மாதிரி கீறேன்" என்று சிரித்தான்.

இறால் ஆய்ந்துகொண்டிருந்த அவன் மனைவி நிமிராமலே சொன்னார்: "இன்னா கல்லு? வேலைக்குப் போய்ட்டு வந்தா வலது கைய தூக்க முடியல. சட்டைய நான்தான் மாட்டி உடறேன்."

"நீ சும்மா இரு."

"எதுக்கு சும்மா இருக்கணும்? கை போச்சுன்னா யாரு பாப்பாங்க?"

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "டேபிள்படிதான் ஏத்துனீங்களா?"

"ஒரு நிமிஷம்கூட குறைக்கல மேடம்."

"கீழ என்ன வேலை?" என்று அவனிடம் கேட்டார்.

"துரு புடிச்ச போல்ட்டு. உடம்பு மொத்தமும் போட்டுத் திருகணும்."

அப்படிப்பட்ட உழைப்பைப் பழைய டேபிள் கணக்கில் எடுக்கவில்லை என்றார் டாக்டரம்மா. அன்று மாலைக்குள் இன்னும் சில வீடுகளுக்குப் போனோம். அங்கும் பெண்கள்தான் பேசினார்கள்.

புதிய டேபிளில், கடுமையாக வேலை செய்தவன் கூடுதல் நேரம் நிற்க வேண்டும் என்று வந்தது. முங்குகிறவர்களுக்கே அது பிடிக்கவில்லை. "கயித்தப் புடிச்சினு தொங்கறதுக்கா கடலுக்கு வந்தோம்?" என்றார்கள்.

என் கூட்டாளிக்குத் தோள் எலும்பே கெட்டிருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. அதன்பின் அவனை இறங்க விடவில்லை. மேல்தளத்தில் என்னோடு காற்றுக் குழாய் பிடித்தான். மனைவியிடம் பல வாரம் சரியாகப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒருநாள் ஏறும் வழியில் தண்ணீருக்குள் நின்றிருந்த ஒருவன், "இன்னும் எவ்ளோ நேரம்பா?" என்று தலைக்கவசத்தில் இருக்கும் போனில் நச்சரித்தான். என் கூட்டாளி என்னிடமிருந்து போனை வாங்கினான்.

"அப்டியே நில்லு. மேல வந்து இன்னா, பொண்ணா பாக்கப் போற?"