பக்கத்துக் கட்டிடத்தின் குரல்

கல்லூரி நாட்களில் வந்த மூளைக்காய்ச்சல் ராஜலக்ஷ்மியின் காதை மந்தமாக்கிவிட்டுப் போனது. அதை அவள் மறைத்ததில்லை. வங்காளத்தின் பவானிபூரில் ஒரு சரக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்த அன்றே, தன் காதுக்கருவியோடு இணையும் சிறிய ஒயர்லெஸ் மைக்கை மேஜை நடுவில் வைத்து, அதன் பக்கமாகப் பேசினால் போதும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். வெகுகாலம் சிக்கல் எதுவும் வரவில்லை.

சென்ற ஆண்டு குழப்பம் தொடங்கியது. கூட்டத்தில் மேலாளர் ரஞ்சனா பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் அமுங்கி, ‘கஸ்டமர்’, ‘டார்கெட்’ என்று வேறொரு ஆண்குரல் காதில் ஓடும். காது இன்னும் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்ததால் தலையாட்டப் பழகிக்கொண்டாள். கிதிர்பூர் கிடங்கில் நனைந்துபோன தேயிலைப் பெட்டிகளைப் பார்க்க ஆள் அனுப்பச் சொன்னபோதும் அப்படித்தான் தலையாட்டினாள். யாரும் போகவில்லை. சேதத்தை மதிப்பிடுவதற்குள் பெட்டிகளை வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். அதன்பின் அவளைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவது நின்றது. ஒருவரும் திட்டவில்லை. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

டாக்குரியாவில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த காதுக்கருவி நிலையத்தில் திருநெல்வேலிக்காரன் ரிஷி, வேறு குரல் கேட்கும் கதையைக் கேட்டுவிட்டு அவளைப் பரிசோதித்தான்.

“அக்கா, உங்க காது பழையபடியேதான் இருக்கு. ஆபீஸ் பக்கத்துல புதுசா ஏதும் ஹால் வந்திருக்கா?”

“ஒரு டிரெய்னிங் சென்டர் வந்திருக்கு. ஏன்?”

“அங்க உள்ள காலர் மைக்கும் உங்க மைக்கும் ஒரே அலைவரிசையில ஓடுதுன்னு நினைக்கேன். ரெண்டுல எது பலமோ, அதைத்தான் உங்க கருவி பிடிக்கும்.”

“அப்போ இத்தனை மாசமா எவனோ எடுத்த கிளாஸைக் கேட்டுண்டிருந்தேனா?”

ரிஷி புதிய மைக் ஒன்றைக் காட்டினான். “இது ஒரே இடத்துல நிக்காது. கண் இமைக்கிறதுக்குள்ள எத்தனையோ அலைவரிசை மாறிரும். எந்த வரிசையில மாறணும்னு இதுக்கும் உங்க கருவிக்கும் மட்டும்தான் தெரியும். ஒரு இடத்துல இடைஞ்சல்னா அங்க ஒரு துணுக்குப் பேச்சுதான் விட்டுப்போகும். அதையும் அடுத்த இடத்துல திருப்பி அனுப்பிரும்.”

அடுத்த கூட்டத்துக்குப் புது மைக்கோடு தானாகவே போய் உட்கார்ந்தாள். பேச்சு முழுக்கத் தெளிவாகக் கேட்டது. தேநீர் இடைவேளையில் தண்ணீர் பிடிக்க வராண்டாவுக்குப் போனாள். மைக் மேஜையிலேயே இருந்தது. உள்ளே வங்காள மொழியில் பேசிய குரல்கள் காதுக்குள் வந்தன.

“இரும்புச் சுருள் கேஸை ராஜிதிகிட்டக் குடுக்கப் போறீங்களா?” சந்தீப்பின் குரல். அலுவலகத்தில் அவளைவிட இளையவன், எப்போதும் பெயரோடு ‘தி’ சேர்த்து அக்கா முறையில்தான் கூப்பிடுவான்.

“வேண்டாம். புரியாமலே தலையாட்டுவா. அவளுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்,” என்றார் ரஞ்சனா.

பாட்டில் நிரம்பி வழிந்தது. இன்னும் என்ன சொல்வார்கள் என்று கேட்க ஆசையாகத்தான் இருந்தது. கருவியைக் கழற்றிவிட்டுப் பேசாமல் நிற்கவும் முடியும். அவள் குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள்.

“மைக் ஆன்ல இருக்கு. வராண்டாவரைக்கும் கேட்டுது,” என்றாள், வங்காள மொழியிலேயே.

சந்தீப் தலையைக் குனிந்துகொண்டான்.

“ரஞ்சனாதி, தேயிலை விஷயம் பேசின அன்னிக்கு என் காதுல விழுந்தது உங்க குரல் இல்லை. பக்கத்துக் கட்டிடத்துக் குரல். இது புது மைக். இனிமே கேக்கலைன்னா நிறுத்தச் சொல்லுவேன்.”

“அப்பவே ஏன் சொல்லலை?”

“எனக்கே தெரியாதே.”

ரஞ்சனா தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தார். “நாங்களும் என்னன்னு கேக்கலை,” என்றார் மெல்ல.

அன்றைக்கே வேலை கைக்கு வந்துவிடவில்லை. சில நாட்கள் கழித்து, இரும்புச் சுருள் கேஸைச் சந்தீப்போடு சேர்ந்து பார்க்கச் சொன்னார்கள். கார்டன் ரீச் துறைமுகப் பகுதியில் இரும்பு அறையும் சத்தத்துக்கு நடுவே அவன் மைக்கைச் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டு கிடங்குக்குள் நுழைந்தான். எந்தச் சுருள்களில் துரு ஏறியிருக்கிறது என்று உள்ளிருந்து அவன் சொல்லச் சொல்ல, வாசலில் நின்று அவள் எழுதிக்கொண்டாள். ஓரிடத்தில் வேகமாகச் சொல்லிவிட்டான். திருப்பிச் சொல்லும்படி கையைக் காட்டினாள்.

இப்போது கூட்டங்களிலும் அப்படித்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அவள் கை உயர்கிறது. சிலருக்கு எரிச்சல்தான். ஆனாலும் நிறுத்துகிறார்கள்.