வாய் திறக்காத சம்பந்தியம்மா

மகனின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். சொத்தைப் பல் இரண்டு வாரமாகப் படுத்தி எடுத்தது. விசேஷத்தில் வலியோடு நிற்க வேண்டாமே என்று மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பல்லை எடுத்ததும் டாக்டரம்மா பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று பேசினார். துப்பக் கூடாது, சூடாகக் குடிக்கக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கொப்பளிக்க... கன்னம் மரத்து, காதும் மரத்த மாதிரி இருந்தது. கொப்பளிக்கச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா? எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் குழப்பம் தொடங்கியது. "உப்புத் தண்ணியில நல்லாக் கொப்பளிச்சுத் துப்பு, ரத்தமெல்லாம் போயிரும்" என்றார் கணவர். "ஐயோ, தண்ணியே படக் கூடாதுங்கண்ணி" என்று போனில் நாத்தனார் பதறினாள். எதற்கு வம்பு என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். எச்சிலைத் துப்பவும் பயம், விழுங்கவும் பயம்.

மறுநாள் அவிநாசியில் பெண் வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான். பேசினால் ரத்தம் வருமோ என்று யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் அசைத்தேன். பெண்ணின் அம்மா காபி கொண்டுவந்தார். ஆவி பறந்தது. வேண்டாம் என்று கை காட்டினேன். ஜிலேபியையும் தொடவில்லை. அவர் முகம் வாடுவது தெரிந்தது. யாராவது எடுத்துச் சொல்வார்களா என்று பார்த்தேன். கணவரோ ஆண்கள் பக்கம் உட்கார்ந்து பேச்சில் மூழ்கியிருந்தார்.

கடைசியில் மருமகளாக வரப்போகிற பெண்ணே ஸ்ட்ரா போட்டு இளநீர் கொண்டுவந்து தந்தாள். சூடில்லை, கடிக்க வேண்டியதுமில்லை. இதையாவது செய்யலாம் என்று ஒரே இழுப்பாகக் குடித்து முடித்தேன்.

சற்று நேரத்தில் பெண்ணின் அம்மா என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போனார். கண் கலங்கியிருந்தது.

"ஏனுங்க, எங்க புள்ளையப் புடிக்கலீங்களா? வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசமாட்டீங்கறீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரத்தம் வந்தால் வரட்டும் என்று வாயைத் திறந்தேன். "பல்லுங்க... நேத்துப் புடுங்கிப்போட்டாங்க. புள்ள தங்கமுங்க!"

அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அட, அதைச் சொல்றதுக்கென்னங்க அம்மணி! நான் இங்க உசுரக் கையில புடிச்சுட்டு நிக்கறேன்." இருவரும் சேர்ந்து சிரித்தோம். தட்டு மாற்றும்போது அவர் கை என் கையை விடவே இல்லை.

ஊர் திரும்பிய மறுநாள் வலி கிளம்பியது. பல் இருந்தபோதுகூட அப்படி வலித்ததில்லை. காது, நெற்றிப்பொட்டு எல்லாம் தெறித்தது. வாயில் துர்நாற்றம் வேறு. மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இந்த முறை கணவரையும் உள்ளே உட்கார வைத்தேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, "புண்ணை மூடியிருந்த ரத்தக்கட்டி கழண்டு போச்சுங்க. அதுதான் எலும்பைக் காப்பாத்துறது. ஸ்ட்ரா போட்டு ஏதாவது உறிஞ்சுனீங்களா?" என்றார்.

உறிஞ்சக் கூடாது என்றது இதைத்தானா! நான் ரசத்தை உறிஞ்சிக் குடிப்பதை என்று நினைத்திருந்தேன்.

"அதனாலதான் வந்துச்சுங்களா?"

"இருக்கலாமுங்க. சில பேருக்கு ஒண்ணும் பண்ணாமயே வரும்."

யாரைக் குறை சொல்வது என்றே புரியவில்லை. டாக்டர் குழியைக் கழுவி, கிராம்பு வாசம் வீசும் மருந்துத் துணியை வைத்தார். கொஞ்ச நேரத்தில் வலி அடங்கி, கண்ணைத் திறந்து உலகத்தைப் பார்க்க முடிந்தது. பிறகு அவர் நிதானமாகச் சொன்னதை இருவரும் கவனமாகக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தோம்.

காரில் ஏறியதும் கணவர், "இன்னைக்குக் கொப்பளிக்க வேண்டாம்னாங்கல்ல?" என்றார்.

"சாப்புட்டதும் கொப்பளிக்கச் சொன்னாங்கங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வண்டியை விட்டு இறங்கி, வெட்கத்தை விட்டு மறுபடியும் உள்ளே போனேன். டாக்டர் சிரிக்கவில்லை. "சாப்புட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியை வாயில வெச்சு, தலையை மெதுவாச் சாய்ச்சுட்டு, அப்படியே வழிய விட்டுருங்க. வேகமாத் துப்பாதீங்க" என்றார். நான் அதை அவரிடமே ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு வந்தேன்.