ஓரெட் பிடிக்கவிட்ட முதல் நாள்

நோர்வேயில், நாங்கள் இருக்கும் குரோருட் பகுதிக்கு மேலே காட்டுக்குள் ஓர் ஏரி இருக்கிறது. அங்கே மீன்பிடிக்கத் தடை என்று ஒரு பலகை நின்றது. அது நின்றவரை எனக்கு நிம்மதி. ஓரெட் என்பது இந்த நாட்டு ஏரிகளில் வாழும், புள்ளி போட்ட மீன். அமில மழையில் அந்த ஏரியின் ஓரெட்டெல்லாம் செத்துப்போனதால், புதுக் குஞ்சுகளை விட்டு, தண்ணீரைத் தேற்ற ஆண்டுதோறும் சுண்ணாம்பு போட்டார்கள். "இனி வெத்திலையும் பாக்கும்தான் குறை" என்று என் கணவர் பகிடி விடுவார். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு ஒரு கோடையில், மீன் பெருகிவிட்டது, மீன்பிடி அட்டை வாங்கியவர்கள் பிடிக்கலாம் என்று அறிவித்துப் பலகையைக் கழற்றினார்கள்.

ஊரில் கடற்தொழில் செய்த இவருக்கு இது போதாதா? அம்மருட்டில் எங்கள் மாடிவீட்டுக் குசினியில் இருந்துகொண்டு தூண்டிலைத் துடைத்தார்.

"திறந்து விட்டிட்டினம். இனி என்ன பயம்?"

இதையேதான் என் அண்ணனும் சொன்னான். ஊரில் போர்க்காலத்தில் கடற்படை மூடியிருந்த கடலைத் திறந்துவிட்ட முதல் நாளே அவன் போனான். போகிறவர்கள் காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும், திரும்பி வரும்போது வாங்கவேண்டும். கொடுத்ததும் அங்கே நிற்கக்கூடாது, பின்னால் என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்கவும் கூடாது. மறுநாள் ஒரு சிப்பாய் படலைக்கு வந்து அண்ணனின் அட்டையை அம்மாவின் கையில் வைத்தான். அட்டை மட்டும்தான் வந்தது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று இவர் சிரித்தார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். பாதையோரக் கல்லில் தேநீர்க் குடுவையோடு இருந்தேன். அவர் மரங்களுக்கு அப்பால் ஓடை வந்து விழும் பக்கம் போனார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து சீருடை போட்ட ஒருவர் தனியே வந்தார். அவர் கையில் இரண்டு அட்டைகள். ஒன்றில் என் கணவரின் படம்.

"இவர் உங்கள் கணவரா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. அண்ணன் செத்துவிட்டான் என்று அன்று அம்மா கத்திய சத்தம்தான் கேட்டது.

அவர் ஏரிக் காவலர். இன்னொருமுறை நிதானமாகச் சொன்னார். மீன்பிடி அட்டையைப் பார்க்கக் கேட்டாராம். இவர் அதோடு படம் போட்ட வங்கி அட்டையையும் கையில் கொடுத்துவிட்டு விறுவிறென்று நடந்துவிட்டாராம். கூப்பிட்டும் நிற்கவில்லையாம். மனைவி கீழே இருப்பதாக முதலே சொன்னதால் இங்கே கொண்டுவந்தாராம்.

விளங்கியது. ஆனாலும் அட்டைகளைப் பறித்துக்கொண்டு ஓடினேன். மரவேரில் தடக்கி விழுந்து எழும்பி ஓடினேன். இவர் முழங்கால் தண்ணீரில் நின்றார். தூண்டிலில் ஓர் ஓரெட் துடித்துக்கொண்டிருந்தது.

"ஏனப்பா ஓடி வாறீர்? அட்டையைத் திரும்பிப் போகேக்கை தருவினம்தானே."

அட்டைகளை இவர் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினேன்.

"அந்தாள் கூப்பிட்டது கேக்கேல்லையோ?"

இவர் தூண்டிலை இழுத்து மீனைப் பிடித்தார்.

"கேட்டது," என்றார். முள்ளைக் கழற்றிக்கொண்டு, "அதுதான் திரும்பேல்லை" என்றார்.