பதினாறு மணி நேரம்

டொராண்டோவுக்கும் பெங்களூருக்கும் பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், விமானப் பயணம் பதினாறு மணி நேரம் என்று என் போன் காட்டியது. அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். நான் செய்த முட்டாள்தனங்களில் இதற்குத்தான் மன்னிப்பே கிடையாது.

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சேலத்து டாக்டர் அப்பாவை அனுப்பிவிட்டார். எங்கள் ஊர் வாழவந்தியில், வீட்டில் கஞ்சி ஊட்டியது நான், துணி மாற்றியது நான். அப்பாவின் கண்ணெல்லாம் வாசலில். கனடாவில் இருக்கும் தம்பியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் மகள் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

விமானம் ஏறிவிட்டதாகத் தம்பி செய்தி அனுப்பியபோது இங்கே சாயங்காலம் ஆறு மணி. அப்பா முப்பது வருடம் சேலம்–ஏற்காடு பஸ் ஓட்டியவர். பனிமூட்டம், மரம் விழுந்தது என்று சாக்குச் சொல்லும் டிரைவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. காலை பத்துக்குப் பெங்களூர், மதியம் மூன்றுக்கு வீடு என்று மிச்சக் கணக்கை அவரே போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை துபாயிலிருந்து தம்பியின் செய்தி வந்தது. நேர் விமானம் இல்லையாம். அங்கே பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்து வேறு விமானம் ஏற வேண்டும், வீடு வந்து சேர அதற்கடுத்த நாள் விடிந்துவிடும். சொல்லத்தான் உள்ளே போனேன். அப்பா சவரம் செய்யச் சொல்லி, வெள்ளைச் சட்டை போடச் சொல்லி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

மூன்று மணி ஆனது. நான்கும் ஆனது. அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் சொன்னேன். அவர் நம்பவில்லை. பதறிப்போய்த் தம்பியை வீடியோவில் கூப்பிட்டு, போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். விமான நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி, வந்துகொண்டே இருப்பதாக அவன் சொன்னான்.

ஏழு வருடமாக அப்பா அவனை இந்தப் போனில்தான் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், சீக்கிரம் வர்றனுங்கப்பா என்று சொல்லிக்கொண்டிருந்த அதே முகம்.

"போன்ல பேசறவன் அங்கயேதான் இருக்கறான் கண்ணு," என்றார். "அவன் கெளம்பவே இல்ல. என் மனசு ஆறட்டும்னு நீ சொல்ற."

நான் எவ்வளவோ சத்தியம் செய்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் உயிர் போய்விட்டது.

விடிந்ததும் தம்பி வந்து இறங்கினான். அழுது ஓய்ந்த பிறகு, அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டான்.

"கெளம்பிட்டான்ல, அது போதும்னாரு," என்றேன்.

அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் திரும்பிப் போனான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அதைச் சொல்லித்தான் தேறிக்கொள்கிறான். அவன் ஆரம்பித்ததுமே நான் போனை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவேன்.