மூன்று சொம்பு மோர்

தியாகராய நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஆறடி அகல மேட்சிங் சென்டர் ஒன்று இருக்கிறது. மதியம் ஒன்றரை மணியானால் அதன் தலைக்கு மேலே 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் ஓடத் தொடங்கும். ரவிக்கைத் துணி வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

"இன்னாக்கா மேல பாக்குற? சேலை ஓரம் அடிக்கிற பீகோ மிஷின்தான் ஓடிக்கினு கீது" என்பார் கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் அன்புச்செல்வி.

ஓடுவது மிஷின் இல்லை, முதலாளியம்மாதான். கடையின் மச்சில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை தலைக்கு ஒரு முழம் மேலே காய, துணி மூட்டைகளுக்கு நடுவில், மின்விசிறியை அணைத்துவிட்டு, கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு, ஸ்டாண்டில் பூட்டிய சைக்கிளை மிதித்துக்கொண்டிருப்பார் தேவானை. வயது நாற்பத்தொன்பது. பாலைவனத்து வெயிலுக்கு உடம்பைப் பழக்குகிறார். ஒன்றரை மணி நேரம் கழித்து ஏணியில் இறங்கி வருவார், முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்கக்கா, சில்க் காட்டனா, டூ பை டூவா?" என்று கேட்பார். வியர்வையில் நனைந்து நிற்கும் அவரிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. பாவம், உழைக்கிற பொம்பளை என்று விட்டுவிடுவார்கள்.

பங்குனி கடைசியிலிருந்து அந்தச் சந்து முழுக்க இவரைப் பற்றி ஒரே பேச்சு. ராஜஸ்தான் பாலைவனத்தில் ஆயிரத்து நூறு கிலோமீட்டர் சைக்கிள் போட்டிக்குப் போனாரே, அங்கே நடுவில் லாரி ஏறிவிட்டாராம். அதனால்தான் மெடல் இன்னும் வந்து சேரவில்லையாம்.

கணவர் அசோகன் இதைக் கேட்டு ஒரு வாரம் சோறு இறங்காமல் இருந்தார். பிறகு யார் கிளப்பியது என்று விசாரிக்கக் கிளம்பினார். ஜாக்கெட் தைக்கிறவர் வளையல் கடையைக் கைகாட்டினார். வளையல் கடைக்காரர் ஜூஸ் கடையைக் காட்டினார். ஜூஸ் கடைக்காரர் எதிர்ச் சாரியில் லேஸ், பட்டன், சேஃப்டி பின் விற்கும் கோதண்டபாணியைக் காட்டினார். கோதண்டபாணி தயங்காமல் அசோகனையே காட்டினார்.

"நீதானப்பா குரூப்ல லிங்க் போட்ட! நானா போட்டேன்?"

அது உண்மைதான். போட்டிக்குப் போகிறவர்களின் சைக்கிளில் ஒரு சின்னக் கருவியைக் கட்டிவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் போனைத் திறந்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி நகரும். அந்தப் புள்ளிதான் நம் ஆள். பெருமை தாங்காமல் அசோகன் அந்த லிங்க்கை வியாபாரிகள் வாட்ஸாப் குரூப்பில் போட்டிருந்தார். அன்றிலிருந்து நான்கரை நாள் சந்து மொத்தமும் அவருடைய மனைவியைப் புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. "அசோகா, உன் சம்சாரம் மேட்டுல ஏறுது." "அசோகா, உன் சம்சாரம் தூங்குது போல." ஒரு மனிதன் இதைக் கேட்டுக்கொண்டே எப்படி மயில்கழுத்து நீலத்தையும் ராமர் நீலத்தையும் பிரித்துக் கொடுப்பான்? அவர் நிறம் மாற்றிக் கொடுத்த துணியை நான்கு பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

"மூணாம் நாள் மதியானம் பொக்ரான் தாண்டி முக்கா மணி நேரம் புள்ளி நின்னுச்சு" என்றார் கோதண்டபாணி, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல். "அப்புறம் டபால்னு நாப்பது கிலோமீட்டர் தாவிருச்சு. சைக்கிள் தாவுமா? லாரிதான் தாவும்."

அசோகன் போட்டியை நடத்தும் யாசிருக்கு போன் போட்டார். யாசிர் ஆம்பூர்க்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். கருவிக்கு இரண்டு மணி பத்து நிமிடம் சிக்னல் இல்லை. சிக்னல் திரும்பியபோது நாற்பது கிலோமீட்டர் கடந்திருந்தது. அதாவது மணிக்குப் பத்தொன்பது கிலோமீட்டருக்கும் குறைவு. லாரிதான் என்றால், டீசல் தீர்ந்த லாரியாக இருந்து யாராவது பின்னாலிருந்து தள்ளியிருக்க வேண்டும்.

வதந்தி அத்தோடு செத்தது. அசோகன் ஒரு மூச்சு விடுவதற்குள் யாசிர் சொன்னார்: "லாரி பிரச்சினையே இல்ல அங்கிள். மோர்தான் பிரச்சினை."

இந்த மாதிரிப் போட்டிகளுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் யாரிடமும் உதவி வாங்கக் கூடாது. பஞ்சரை நீயே ஒட்ட வேண்டும். சோறு தண்ணீர் வேண்டுமானால் எல்லோருக்கும் விற்கிற கடையில் நீயே காசு கொடுத்து வாங்க வேண்டும். இனாமாக வாங்கினால் இரண்டு மணி நேரம் தண்டனை. தேவானை நூற்றொன்பது மணி பன்னிரண்டு நிமிடத்தில் வந்து சேர்ந்தார். கெடு நூற்றுப் பத்து மணி. தண்டனையைச் சேர்த்தால் கெடு தாண்டிவிடும்; ஓட்டி முடித்தவர்கள் பட்டியலில் பெயர் வராது. ஆயிரத்து நூறு கிலோமீட்டரும் காற்றோடு போகும்.

இனாம் வாங்கியதை யார் பார்த்தார்கள்? ஒருவரும் பார்க்கவில்லை. நான்கு ஆடுகள் பார்த்தன. போட்டி முடிந்ததும் நிரப்பித் தரும் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி: 'வழியில் இலவசமாக ஏதேனும் பெற்றீர்களா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். தேவானை 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்து, கீழே கோடு போட்ட இடத்தில் தமிழில் விளக்கமும் எழுதியிருந்தார்: 'மூன்று சொம்பு மோர். பித்தளைச் சொம்பு. பெரியது.'

"பெரியதுன்னு யாராவது கேட்டாங்களா?" என்று அசோகன் வீட்டில் கத்தினார். மந்தைவெளியில் அவர்களுடைய அடுக்ககத்தின் மூன்று மாடிகளுக்கும் கேட்டது.

"இருந்துச்சுல்லா" என்றார் தேவானை.

நடந்தது இவ்வளவுதான். வரைபடத்தில் குறித்திருந்த ஒரே கடை பூட்டிக் கிடந்தது. இரண்டு பாட்டிலும் காலி. ஒரு மண்வீட்டு வாசலில் சைக்கிளோடு சாய்ந்தவரை ஒரு பெண் நிழலுக்கு இழுத்துப்போய், சொம்பு சொம்பாக மோரை ஊற்றியிருக்கிறாள். தேவானை ஐம்பது ரூபாயை நீட்டினார். அவள் அந்த நோட்டைத் தேவானையின் உள்ளங்கையிலேயே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டாளாம்.

அசோகனை எரியவைத்தது மோர் அல்ல. தேவானை கடையில் பேசுகிற பேச்சை அவர் இருபத்தேழு வருடமாகக் கேட்டுவருகிறார். "சாயம் போகுமாம்மா?" என்றால், "இதைப் போட்டுக்கிட்டு பெசன்ட் நகர் கடலுக்குள்ள எறங்குங்க, போகாது." பின்னால் இருபத்திரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு, "கடைசிப் பீஸுக்கா, உங்களுக்குன்னே கெடக்கு." விருதுநகர் லாரியில் வந்து இறங்கியதைச் சூரத் சரக்கு என்பார், சூரத் சரக்கை விருதுநகர் என்பார்.

"காலையிலருந்து கடையில நாலு பொய் சொல்லியாச்சு. அஞ்சாவதா ஒரு டிக் அடிக்க முடியலையா?"

"அது யாவாரம். அவங்களும் நம்பல, நானும் நம்பல. நம்பியா வாங்கிட்டுப் போறாங்க?" தேவானை மாவு அரைத்துக்கொண்டே சொன்னார். "இந்த யாசிர் பையன் நான் எழுதுனா நம்புவான்ல. அதான்."

அசோகன் பால்கனிக்குப் போய் நின்றார்.

எல்லாம் ஒரு முழங்கால் வலியில் ஆரம்பித்தது. மகன் வேலைக்காகப் பெங்களூர் போனபோது விட்டுப்போன கியர் சைக்கிளை, டாக்டர் சொன்னார் என்று தேவானை எடுத்தார். முதலில் அடையாறு வரை. பிறகு மாமல்லபுரம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே இன்னும் இருட்டாக இருக்கும்போதே ஹெல்மெட்டோடு நின்றுகொண்டு சொன்னார்: "பாண்டிச்சேரி வரைக்கும் போயிட்டு வந்துருதேன். சாயங்காலம் மாவை ஃபிரிட்ஜிலருந்து எடுத்து வெளிய வைங்க. வந்து தோசை ஊத்துதேன்." வந்தார், ஊற்றினார். தோசை மட்டும் கொஞ்சம் நடுங்கிய வட்டமாக இருந்தது.

பாலைவனத்திலிருந்து திரும்பியவரிடம் எல்லோரும் ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டார்கள். சலவை காணாத துணியின் பழுப்பு நிறத்துக்குக் கோரா என்று பெயர். தேவானை சொன்னார்: "எங்க பாத்தாலும் கோராதான். மொத்தம் பதினோரு கோரா இருக்கு. பிஸ்கட் கோரா, சந்தனக் கோரா, காத்தடிச்சா மட்டும் தெரியுத ஒரு கோரா. நம்ம கடையில ரெண்டுதான் வச்சிருக்கோம். வெக்கமா இருக்கு." மறுநாளே மற்ற ஒன்பதுக்கும் ஆர்டர் கொடுத்தார். வாங்க ஆளில்லாமல் அவை மேல் தட்டில் பாலைவனமாகவே கிடக்கின்றன.

யாசிரும் தன்னால் ஆனதைப் பார்த்தார். "ஆன்ட்டி, இத்தனை வயசுல இதுவரைக்கும் ஒரு லேடிகூட முடிச்சதில்ல. பேரைப் போடணும்னு எனக்கும் ஆசையா இருக்கு. மோர் குடுத்தவங்க பத்து ரூபாய் இப்ப வாங்கிக்கிட்டாலும் போதும், அது வியாபாரம் ஆயிடும், தண்டனை கெடையாது." அந்தப் பக்கத்தில் இருந்த தன் ஆள் ஒருவரை மண்வீட்டுக்கே அனுப்பி, வீடியோ கால் போடவும் ஏற்பாடு செய்தார். மொழிபெயர்க்கத் தானும் அழைப்பில் இருந்தார்.

கடையில் கூட்டம் கூடிவிட்டது. போனில் ஒரு முக்காடு தெரிந்தது. அதற்குள்ளிருந்து சிரிப்பும் கேட்டது. அசோகனுக்குத் தெரிந்த இந்தி மொத்தமும் எண்களும், சகோதரி என்று கூப்பிடும் பெஹன்ஜியும்தான்.

"பெஹன்ஜி! பச்சாஸ் ருப்யா!" என்று ஐம்பதில் ஆரம்பித்தார்.

முக்காடு ஆடியது. வேண்டாம்.

"பீஸ்? சரி, தஸ்! பெஹன்ஜி, தஸ் ருப்யா!" இருபது, பத்து என்று இறங்கினார்.

வாசலில் நின்ற கோதண்டபாணி தலையில் அடித்துக்கொண்டார். "கொடுக்கிறவனே விலையைக் கொறச்சுக்கினு போறான்! டி. நகர்ல நின்னுக்கினு ஒருத்தர் கால்ல விழுந்து காசு வாங்கிக்கோன்றியே நைனா, இது தெருவுக்கே அவமானம்!"

அந்தப் பெண் ஏதோ சொன்னாள். யாசிர் தமிழாக்கினார்: "மோர் விக்கிற அளவுக்கு எங்க வீடு ஒண்ணும் நொடிச்சுப் போகலன்னு சொல்றாங்க அங்கிள்."

அசோகன் உட்கார்ந்துவிட்டார். தேவானை போனை வாங்கி, தெரிந்த மொழியில், அதாவது கையால், கடையைச் சுற்றிக் காட்டினார். தட்டு தட்டாக ரவிக்கைத் துணி. அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. முக்காட்டின் நுனி கேமராவை நெருங்கி வந்து திரை முழுவதையும் சிவப்பாக அடைத்தது.

"இதுக்கு மேட்ச்சா ஒரு ரவிக்கைத் துணி கெடைக்குமான்னு கேக்கறாங்க" என்றார் யாசிர்; உடனே குரல் துள்ளியது. "அங்கிள்! பண்டமாற்று! இதுவும் வியாபாரம்தான்! வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கூரியர் ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. பேரைப் பட்டியல்ல போட்டுடறேன்!"

அசோகன் அந்த நிமிடமே கைக்கு எட்டிய சிவப்பை உருவினார்.

"அது இல்லைங்க" என்றார் தேவானை.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தேவானையின் பொய்யெல்லாம் துணியின் தரத்தைப் பற்றி. கலர் பொருத்தத்தில் ஒரு நூலளவும் கிடையாது. மயிலாப்பூர் நீரஜா மாமி ஒருமுறை அரக்குப் பட்டோடு வந்தபோது, "கிட்டத்தட்ட ஒத்துப்போறதே, குடுத்துடேன்" என்று மாமியே சொல்லியும் கொடுக்காமல், எதிரிக் கடைக்கு அனுப்பிவைத்தார்.

"அவளுக்கு ஒரு செவப்பு வேணும். நம்மகிட்ட முப்பத்தாறு செவப்பு இருக்கு!" அசோகனின் குரல் கீச்சிட்டது.

"அது வெயில்லயே கெடந்த செவப்பு. வீடியோவுல வராது."

"உனக்கு மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும்?"

"மோர் குடிக்கையில வேற என்னத்தப் பாத்தேன்? மூஞ்சிய சொம்பு மறைச்சிருந்துச்சு. எதுத்தாப்ல அந்த முக்காடுதான."

திங்கள், செவ்வாய், புதன். முப்பத்தாறும் தேறவில்லை. வியாழன் பகலில் தேவானை சௌகார்பேட்டைக்குப் போய் இன்னும் எட்டு கொண்டுவந்தார். அவையும் தேறவில்லை.

வெள்ளிக்கிழமை, போட்டி முடிந்தும் விடாமல் மேலே கிர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அசோகன் ஒரு மெரூனை ஒரு மீட்டர் கிழித்து, கவரில் போட்டு ஒட்டி, யாசிர் கொடுத்த விலாசத்தை எழுதினார். தன் மனைவிக்குத் தெரியாமல் அவர் செய்த முதல் நேர்மையற்ற காரியம் இது, வருமானவரி நீங்கலாக.

"அனுப்பிச்சுடுண்ணே" என்றார் அன்புச்செல்வி. "அந்தம்மா இன்னா, கலர் சரியில்லன்னு கேஸா போடப் போவுது? அண்ணி பேரு வரணும்ணே. அவ்ளோ தூரம் மிதிச்சுக்கினு போச்சே."

மூன்று மணிக்கு, அன்றைய கடைசி நடையாக, கூரியர்காரர் வந்தார். கவரைக் கையில் வாங்கி, ரசீது எழுதப் பேனாவைத் திறந்தார். அப்போது கிர்ர்ர் நின்றது. தேவானை ஏணியில் இறங்கிவந்தார், கவரைப் பார்த்தார், அசோகனைப் பார்த்தார். கூரியர்காரரின் கையிலிருந்து கவரை எடுத்து, கத்தரிக்கோலால் ஒரு ஓரத்தை மட்டும் ஒழுங்காக நறுக்கி, துணியை உருவிக்கொண்டு சந்தில் இறங்கினார். சந்தில் அந்த நேரத்துக்கு ஒரு சாண் அகலத்துக்குத்தான் வெயில் விழும். அந்த வெயிலில் துணியை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

கூரியர்காரர் பேனாவோடு நின்றார். கோதண்டபாணி கடையை விட்டு இறங்கி வந்து நின்றார். அசோகன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மெரூனுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொண்டார்.

தேவானை கண்ணைத் திறந்து துணியைப் பார்த்தார். "ம்ஹூம்" என்றார்.

கூரியர்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். தேவானை துணியை நான்காக மடித்து அன்புச்செல்வியிடம் நீட்டினார். பிறகு வெறுங்கவரை மேசையில் வைத்து, உள்ளங்கையால் சுருக்கம் போக நீவி, விலாசம் மேலே தெரியும்படி மீட்டர் கோலுக்கு அடியில் செருகினார்.