இரண்டு காசுகளும் என் ஞாயிறு வாசகமும்

ஃபாதர், இறந்துபோன என் கணவரோடு நான் குவாண்டம் வழியாகப் பேசுகிறேன் என்று நம் கோயில் பங்கில் சொல்கிறார்களாம். தவறு. உயிரோடு இருந்தபோதே அவர் அதிகம் பேசியதில்லை.

இன்று காலை திருவொற்றியூர் பேருந்தில் பக்கத்தில் மீன்கார ஃபிலோமினா. "இன்னா ஆன்ட்டி, படிச்சுகினே வர்றீங்க?" என்றாள்.

குவாண்டம் இயற்பியலில் வரும் பிணைந்த துகள்களைப் பற்றி என்றேன். அப்படிப் பிணைந்த இரண்டு காசுகளில் ஒன்றை ராயபுரத்திலும் மற்றதை எண்ணூரிலும் சுண்டுவதாக வைத்துக்கொள். எது விழும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் இங்கே பூ விழுந்தால் அங்கேயும் பூதான் என்று விளக்கினேன்.

"அப்போ இத்த வச்சு சேதி அனுப்பலாமா?"

"முடியாது. எது விழணும்னு நீ முடிவு பண்ண முடியாதே. பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஒண்ணா விழுந்ததே தெரியும்."

அவள் என் கல்யாண மோதிரத்தைப் பார்த்தாள்.

"அங்கிளை மோதிரத்தோட தானே பொதச்சீங்க? ரெண்டும் ஜோடி. நீங்க திருப்பினா அங்கயும் திரும்பும்."

"திரும்பாது."

"தோண்டிப் பாத்தீங்களா?"

மாலையில் ஒருத்தி வந்து, செத்துப்போன தன் மாமியார் பீரோ சாவியை எங்கே வைத்தார் என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள். அடுத்து பாடகர் குழுத் தலைவி போன் செய்து, நீங்கள் சொல்லும்வரை, ஞாயிறு பூசையில் நான் வாசிக்கும் முதல் பைபிள் வாசகத்தை வேறொருவர் வாசிப்பார் என்றாள்.

ஃபாதர், சேதி போகாது என்பதுதான் நான் சொன்னதே. போனது ஃபிலோமினா வழியாக.

ஞாயிற்றுக்கிழமை நான் வாசிக்கலாமா, கூடாதா? யாரிடமும் சொல்லியனுப்பாமல், தயவுசெய்து இங்கேயே எழுத்தில் பதில் தரவும்.