லேடீஸ் பெட்டியில் ஒரு முரடன்

கதாநாயகியின் கையை முறுக்கி, "உன்னை அழவைக்காமல் விடமாட்டேன்" என்று சபதம் போடுகிற ஆள்மேல் எங்களுக்கு அப்படி என்ன மயக்கம் என்று என் கணவர் பல தடவை கேட்டிருக்கிறார். அவரிடம் சொல்லி என்ன பயன்? கல்யாணமாகி திருமுல்லைவாயிலுக்கு வந்த புதிதில் அவர் என்னிடம் பேசியதில் பாதி, துண்டு எங்கே, சாவி எங்கே என்பதுதான். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாவலில் வருகிற முரடன், பழிவாங்குவதற்காகவாவது நாள் முழுக்க அவளையே நினைத்துக்கொண்டிருப்பான். அவள் என்ன நிறத்தில் புடவை கட்டியிருக்கிறாள், சாப்பிட்டாளா இல்லையா, எல்லாம் அவனுக்குத் தெரியும். என்னை அந்த அளவுக்கு யாரும் வெறுத்ததுகூட இல்லை.

சென்ட்ரல் போகும் காலை வண்டியில், லேடீஸ் பெட்டியில்தான் அந்தக் கதைகளைப் படித்தோம். ஆவடியில் ஏறும் அக்கா ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார். மாத நாவல் கடைக்கு வந்த அன்றே வாங்கிவிடுவார். முதுகோரத்தில் குத்தியிருக்கும் பின்களை நெம்பி எடுத்து, புத்தகத்தை மூன்று பாகமாகப் பிரித்துவிடுவார். ஒரே நேரத்தில் மூன்று பேர் படிக்கலாம் அல்லவா! முதல் பாகம் அவருக்கு. நடுப்பாகம் எனக்கு. அதில் சண்டை, மழை, காய்ச்சல், இரண்டு பேரும் ஒரே அறையில் மாட்டிக்கொள்வது என்று எல்லாம் இருக்கும். கடைசிப் பாகம், என்னோடு திருமுல்லைவாயிலில் ஏறும் பெண்ணுக்கு.

அவள் அந்த ஊர்க்காரி. சென்ட்ரல் பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளானூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் சோற்றுத் தட்டை முகத்தில் வீசிய பிறகு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பப் போவதா, இங்கேயே இருப்பதா என்று முடிவுக்கு வர முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

முடிவை முதலில் படித்தால் ருசி கெட்டுப்போகாதா என்று அவளிடம் கேட்டேன்.

"இன்னாக்கா நீ! கடைசில அவன் அழுவுறான்னு தெரிஞ்சாதான் மொதல்ல அவன் பண்றதெல்லாம் தாங்க முடியும்" என்றாள்.

கொஞ்ச நாளில் எங்களுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கடைசிப் பாகத்தை யார் முதலில் பிடுங்குவது என்று ஒரே கலாட்டா. முரடன் அவள் காலடியில் உட்கார்ந்து தேம்பும் பக்கத்தை ஆசை தீரப் படித்துவிட்டு, அப்புறம்தான் ஆரம்பத்துக்குப் போவோம். அப்படிப் படித்தால் அவன் திட்டுகிற திட்டெல்லாம் காதலாகவே தெரியும். "பாவம், உள்ளுக்குள்ள எவ்ளோ ஆசைய வெச்சிக்கிட்டு இப்படிக் கத்துறான் பாரு" என்று அக்கா அவனுக்குப் பரிந்து பேசுவார். ஆபீசில் ஒரு ஃபைல் தாமதமானால் ஆளையே கடித்துவிடுகிற அக்கா!

கொரட்டூரில் ஏறும் கூட்டத்தில் நசுங்கியபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரோ தலையில் வைத்திருக்கும் மல்லிகை மூக்கில் இடிக்கப் படித்த அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. இன்று அதே முரடன் போனில் வருகிறான், தினம் ஓர் அத்தியாயமாக. நானும் விடாமல் படிக்கிறேன். ஆனால் முடிவை எட்டிப் பார்க்க வழியில்லை, கூடச் சேர்ந்து சிரிக்கவும் ஆளில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வண்டியிலிருந்து நானும் அவளும் இறங்கியபோது, பிளாட்பாரத்தில் அவள் புருஷன் நின்றிருந்தான். சவரம் செய்யாத முகம், கையில் பூப்பொட்டலம்.

"வா, போலாம். நீ இல்லாம ஊடு ஊடாவே இல்ல" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

எங்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆவடிக்குப் போக வேண்டிய அக்கா, நகரத் தொடங்கிய வண்டியின் வாசலிலிருந்து தலையை நீட்டி, "போம்மா, போ! அவரே வந்துட்டாரு பாரு!" என்று கத்தினார். பெட்டிக்குள் யாரோ கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் சிரித்தபடி பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, அவனுடைய பைக்கில் ஏறிப் போனாள். வேலையை விடச் சொல்லிவிட்டானாம். அதையும் அக்கா அன்பின் கணக்கில்தான் சேர்த்தார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் அவள் மறுபடி திருமுல்லைவாயிலில் வந்து நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். வண்டி வந்ததும் ஒன்றாக ஏறினோம். அவளைப் பார்த்ததுமே, கையிலிருந்த நாவலை அக்கா மெதுவாகக் கைப்பைக்குள் தள்ளினார்.

"மாறவே இல்லையா?" என்று கேட்டார்.

"கதைல அவன் கத்திட்டு உள்ள போயி கதவ சாத்திக்குவான் இல்லக்கா? அப்பால செவுத்துல சாஞ்சிகினு அழுவுவான். படிக்கிற நமக்கு அத்தக் காட்டிடுவாங்க" என்றாள். "இவரும் அட்ச்சிட்டு உள்ள போயி கதவ சாத்திகினாரு. நான் வெளிய குந்திகினு காத்துகினே இருந்தேன். அப்புறம் ஜன்னலாண்ட போயி எட்டிப் பாத்தேன்."

"அழுதாரா?" என்றேன்.

"தூங்கிகினு கீறாருக்கா. கொறட்டை வேற."

இனி வெள்ளானூர் பக்கமே போகப்போவதில்லை என்று அவளே சொன்னாள். அழவில்லை. அம்பத்தூரில் கூட்டம் ஏறி எங்களை நெருக்கித் தள்ளியது. அவள் அக்காவின் பையைப் பார்த்தாள்.

"அத்த இன்னாத்துக்கு ஒளிக்கிற? குடுக்கா" என்று கையை நீட்டினாள். "எங்கனா ஒருத்தனாச்சும் அழுவட்டும்."